அம்மாவைப் படுக்கையோடு வீட்டுக்குக் கொண்டுவரும் முன்: தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

"நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்று வார்டில் மிஸ்ஸி (நர்ஸ்) சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான். அம்மா வீட்டுக்கு வருகிறார், அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. கட்டில் இல்லை, சக்கர நாற்காலி இல்லை, மூக்கில் போட்டிருக்கும் டியூபில் பால் எப்படி ஊற்றுவது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மறுநாள் மதியம் வேனின் பின் சீட்டில் அம்மாவைச் சாய்த்துப் படுக்க வைத்து, மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். நான்கு படி ஏறி எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்று வாசலில் நின்றுதான் யோசித்தோம். பக்கத்து லயத்து, அதாவது வரிசை வீட்டுப் பையன்கள் மூன்று பேர் ஓடி வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள்.

அம்மாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் நான் அலைந்த அலைச்சலில் பாதி, வரிசை தெரியாததால் வந்தது. எந்தக் கடிதத்தை முதலில் வாங்க வேண்டும், எந்த அலுவலகத்துக்கு முதலில் போக வேண்டும் என்று யாராவது ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் சம்பளம் இல்லாத லீவு இத்தனை போயிருக்காது. அந்தத் தாள் இதுதான்.

1. வார்டை விட்டு வெளியேறும் முன் வாங்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் தேதி தெரிந்தவுடன் டாக்டரிடமும் வார்டு மிஸ்ஸியிடமும் நான்கு விஷயம் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு இதையெல்லாம் வாங்குவது பெரும்பாடு.

முதலாவது, டிஸ்சார்ஜ் குறிப்பு. நோய் என்ன, என்ன மருந்து, அடுத்த அப்பாயின்ட்மென்ட் எப்போது என்று அதில் இருக்கும். ஐந்து ஃபோட்டோஸ்டேட் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, உங்கள் வட்டாரத்து அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்கு அனுப்பும் பரிந்துரைக் கடிதம். சுகாதார அமைச்சின் 'டொமிசிலியாரி' என்ற வீட்டுப் பராமரிப்புச் சேவை இந்தக் கடிதத்தை வைத்துத்தான் தொடங்கும். அப்படி ஒரு சேவை இருப்பதே எங்களுக்கு ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. நீங்களாக வாய் திறந்து கேளுங்கள்: "டாக்டர், டொமிசிலியாரிக்கு ரெஃபர் பண்ண முடியுமா?"

மூன்றாவது, "இவர் படுக்கையில் இருக்கிறார், முழுநேரமும் ஒருவர் கூட இருந்து பார்க்க வேண்டும்" என்று டாக்டர் எழுதித் தரும் கடிதம். பார்க்கச் சின்னத் தாள்தான். ஆனால் சமூகநல இலாகாவுக்கும், வருமான வரிக்கும், சேமநிதிப் பணம் எடுப்பதற்கும் இந்த ஒரு தாளைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினேன்.

நான்காவது, பயிற்சி. மிஸ்ஸி செய்வதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். உங்கள் கையால், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, குறைந்தது இரண்டு தடவையாவது செய்து பாருங்கள். டியூபில் பால் கொடுப்பதானால் ஒவ்வொரு தடவையும் முதலில் டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். பால் கொடுத்த பிறகும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அப்படியே சாய்ந்திருக்கட்டும். உடனே படுக்க வைத்தால் பால் மேலே ஏறி நுரையீரலுக்குள் போகும், மறுபடி வார்டுக்குத்தான். டியூப் கழன்று வந்துவிட்டால் நீங்களே திரும்பச் செருகக் கூடாது. கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. வசதி இல்லாத குடும்பத்துக்குச் சக்கர நாற்காலி, கட்டில் போன்றவற்றுக்கு உதவி தேடித் தருவது அவர்கள் வேலைகளில் ஒன்று. நம்மவர்கள் பலர் வெட்கப்பட்டுக்கொண்டு அந்தப் பக்கமே போவதில்லை. வார்டு மூலமாகக் கேட்டால் அவர்களே வந்து பேசுவார்கள்.

2. ஒரே ஃபைல், ஒரே பெயர்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி இவற்றையெல்லாம் அதில் போடுங்கள்: அம்மா அல்லது அப்பாவின் ஐசி (அடையாள அட்டை) நகல், உங்கள் ஐசி, ஒரே வீட்டில் இருக்கும் எல்லோருடைய ஐசி, திருமணப் பத்திரம், இறந்தவர் இருந்தால் அவருடைய இறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், வீட்டில் சம்பாதிப்பவர்களின் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, தண்ணீர் அல்லது கரண்டு பில், மேலே சொன்ன மருத்துவக் கடிதங்கள். அசலைக் கையில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுங்கள்.

தோட்டப்புறத்துக்காரர்களுக்கு முக்கியமான பொறி பெயர். அந்தக் காலத்தில் கிராணி (தோட்டத்து எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதியதுதான் பெயர். எங்கள் அம்மாவுக்கு ஐசியில் ஓர் எழுத்து கூடுதல், திருமணப் பத்திரத்தில் ஓர் எழுத்து குறைவு, என்னுடைய பிறப்புப் பத்திரத்தில் வேறு மாதிரி. மூன்றும் ஒருவரே என்று சத்தியப்பிரமாண ஆணையர் முன்னால் ஒரு 'சூராட் சும்பா' செய்து ஃபைலில் போட்டபிறகுதான் கேள்வி நின்றது. சில ரிங்கிட் செலவு, அரை நாள் வேலை. அலுவலகத்தில் திருப்பி அனுப்பும்வரை காத்திருக்காமல் முதலிலேயே செய்துவிடுங்கள்.

ஐசி பழசாகி, முகம் தெரியாமல், சில்லு வேலை செய்யாமல் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். படுக்கையில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு பதிவிலாகாவுக்குப் போக வேண்டியதில்லை. தேசியப் பதிவிலாகாவுக்கு 'மெக்கார்' என்ற திட்டம் இருக்கிறது. நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே அதிகாரிகள் வந்து கைரேகையும் படமும் எடுத்துக்கொண்டு போவார்கள். மருத்துவக் கடிதத்தோடு பதிவிலாகாவில் கேளுங்கள்.

குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசி வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் தோட்டங்களில் இருக்கிறார்கள். முதியோர் உதவித் தொகை குடிமக்களுக்கானது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் உதவிப் பாரத்தை நிரப்புவதற்கு முன்னால் இந்த விஷயத்தை அலுவலகத்தில் பேசிவிடுங்கள். கடைசியில் சொன்னால் மூன்று மாத அலைச்சலும் வீண்.

அப்புறம் வங்கிக் கணக்கு. அம்மாவின் கணக்கில் ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் போடாமல் எடுக்காமல் விட்டிருந்தோம், கணக்கு தூங்கிவிட்டது. அதை எழுப்ப ஆள் நேரில் வர வேண்டும் என்றார்கள். வேனில் தூக்கிக்கொண்டு போய், வங்கி அதிகாரி வெளியே வந்து கார் கதவருகில் கைரேகை எடுத்தார். நல்ல மனுஷர். எல்லா இடத்திலும் அப்படி வருவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது, முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள்.

3. வீட்டைத் தயார் செய்தல்

தோட்டத்து வீடு கம்பெனி வீடு. படிக்கு மேல் சிமென்ட் சரிவு போடுவதானாலும், கக்கூஸ் கதவை அகலப்படுத்துவதானாலும் ஆபீஸில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், முடிந்தால் எழுத்தில். வேலையில் இருப்பவர் பெயரில்தான் வீடு. அவர் ஓய்வு பெறும் தேதி பக்கத்தில் இருந்தால் ஆயிரக்கணக்கில் வீட்டில் கொட்டாதீர்கள். மரப்பலகைச் சரிவு போதும், கிளம்பும்போது கூடவே எடுத்துக்கொண்டு போகலாம்.

சரிவுக்கு ஒரு கணக்கு: படிகளின் மொத்த உயரத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சரிவு ஓர் அடி நீளம். ஆறு அங்குலப் படிக்கு ஆறடிப் பலகை. நாங்கள் இடமில்லை என்று மூன்றடி போட்டோம். ஏற்றும்போது என் மனைவிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, இறக்கும்போது நாற்காலி ஓடப் பார்த்தது.

சக்கர நாற்காலி வாங்கும் முன் கதவை டேப் வைத்து அளந்துவிடுங்கள். சாதாரண நாற்காலியே 60 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் வரும். லயத்து வீட்டுக் கக்கூஸ் கதவில் நுழையாது. அதற்குச் சக்கரம் வைத்த கக்கூஸ் நாற்காலி ஒன்று தனியாக வாங்கினோம். அது இருந்தால் குளிக்க வைப்பதும் சுலபம்.

எங்களுக்கு ஆன செலவு, உங்களுக்கு ஒரு மதிப்பீட்டுக்காக: கையால் சுற்றி ஏற்றும் பழைய மருத்துவமனைக் கட்டில் 900 ரிங்கிட், காற்று மெத்தை 250, கக்கூஸ் நாற்காலி 180, பேம்பர்ஸ் மாதம் 200 முதல் 250 வரை, பால் மாவு மாதம் 300க்கு மேல், கையுறை, டிஷ்யூ, கிரீம் எல்லாம் சேர்த்து இன்னொரு 60. புதுக் கட்டிலுக்கு ஓடாதீர்கள். ஈப்போவில் பழசு விற்கிறார்கள், வாடகைக்கும் கிடைக்கும். யாராவது காலமான வீட்டில் கட்டில் சும்மா கிடக்கும். கேட்கத் தயங்குவோம், ஆனால் கொடுப்பவர்களுக்கு அது ஒரு நிம்மதி. எங்கள் காற்று மெத்தை இப்போது மூன்றாவது வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பேம்பர்ஸ் மட்டும் மலிவானதை வாங்கி மிச்சம் பிடிக்க வேண்டாம். ராத்திரி ஒழுகினால் மெத்தை விரிப்பு, துணி, தூக்கம் எல்லாம் போகும். பகலுக்கு மலிவு, ராத்திரிக்கு நல்லது என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம்.

4. கிளினிக் ஆட்கள் வீட்டுக்கு வருவது

பரிந்துரைக் கடிதம் போய்ச் சேர்ந்ததும் கிளினிக்கிலிருந்து கூப்பிடுவார்கள். ஒரு வாரத்தில் கூப்பிடவில்லையென்றால் நீங்களே போய்க் கேளுங்கள். முதலில் வந்து வீட்டைப் பார்ப்பார்கள், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று கேட்பார்கள். அப்படி ஓர் ஆள் இல்லாத வீட்டுக்கு இந்தச் சேவை பொருந்தாது. புண்ணுக்கு டிரஸிங், மூக்கு டியூப் மாற்றுவது, சிறுநீர் டியூப் மாற்றுவது, ஃபிசியோ எல்லாம் அவர்கள் கையில்.

இதை நிரந்தரச் சேவை என்று நினைத்துவிடாதீர்கள். சில மாதங்களுக்குள் உங்களைப் பழக்கிவிட்டு விலகிக்கொள்வதுதான் திட்டம். அதனால் ஃபிசியோ வரும் நாளில் வேலைக்குப் போய்விட்டு, "அவங்க வந்து செஞ்சாங்களா?" என்று சாயங்காலம் கேட்பதில் பிரயோசனமில்லை. லீவு எடுக்க வேண்டிய நாள் அதுதான். ஃபிசியோ செய்ததை எல்லாம் போனில் வீடியோ எடுத்து வைத்தோம். இன்றைக்கும் அதைப் பார்த்துத்தான் அம்மாவின் கையை நீட்டி மடக்குகிறோம்.

தோட்டத்து வழி தெரியாமல் அவர்கள் சுற்றக் கூடாது. மெயின் ரோட்டிலிருந்து எந்தச் சந்து, எந்தக் கோயில், எத்தனையாவது லயம் என்று இடக்குறிப்பை அனுப்பிவையுங்கள். நாயைக் கட்டிப்போடுங்கள்.

5. ராத்திரியும் முதுகும்

இதற்குப் பாரமும் கிடையாது, அலுவலகமும் கிடையாது. ஆனால் நாங்கள் அதிகம் தோற்றது இங்கேதான்.

மூன்றாவது வாரம் அம்மாவைத் துடைக்கும்போது முதுகெலும்பு முடியும் இடத்தில் இருபது காசு அளவுக்குச் சிவப்பு. "வேர்க்குரு" என்றேன். என் மனைவி பவுடர் போட்டார். நான்கு நாளில் தோல் உரிந்தது, பத்து நாளில் குழி. அதை மூட நான்கு மாதம்.

படுக்கைப் புண்ணுக்குச் சோதனை சுலபம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டுப் பிறகு சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் படுக்கவே விடக் கூடாது. தேய்க்காதீர்கள், பவுடர் போடாதீர்கள், மிஸ்ஸிக்குச் சொல்லுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இடது, முதுகு, வலது. முழுப் பக்கவாட்டில் திருப்பினால் இடுப்பெலும்பில் புண் வரும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துக் கொஞ்சம் சாய்த்தால் போதும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை. காற்று மெத்தை வாங்கிவிட்டோமே, திருப்ப வேண்டியதில்லை என்று நினைப்பதுதான் பலர் விழும் குழி. நாங்களும் அப்படித்தான் விழுந்தோம்.

சுவரில் ராசிபலன் போட்ட தினசரிக் காலண்டரை மாட்டி, ஒவ்வொரு நாள் தாளிலும் மணியும் பக்கமும் எழுதினோம்: 10 இ, 12 மு, 2 வ. எழுதாவிட்டால், "நீ திருப்பிட்டேன்னு நினைச்சேன்" என்ற சண்டை வரும். ராத்திரி பன்னிரண்டு மணி என் முறை, இரண்டு மணி மனைவி முறை, நாலரைக்கு அலாரமே வேண்டியதில்லை. முப்பது வருடம் பால்மரம் வெட்டிய உடம்பு, அந்த நேரத்துக்கு அம்மா தானாக விழித்துக்கொள்கிறார். வாய் கோணி, பாதிச் சொல்லில், "வாளி எங்க?" என்று கேட்பார்.

சிறுநீர் டியூப் இருந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. டியூப் மாற்ற வேண்டிய தேதியை அதே காலண்டரில் சிவப்புப் பேனாவால் எழுதுங்கள். டியூப் எந்த வகை என்பதைப் பொறுத்து இடைவெளி மாறும், மிஸ்ஸியிடம் கேட்டு எழுதுங்கள். சிறுநீர் கலங்கி, காய்ச்சலும் வந்தால் காத்திருக்க வேண்டாம்.

6. ஓகேயு கார்டு

ஊனமுற்றோருக்கான அடையாள அட்டை இது. இலவசம். பாரத்தின் ஒரு பகுதியை டாக்டர் நிரப்ப வேண்டும். மற்றதை நீங்கள் நிரப்பி, பாஸ்போர்ட் அளவுப் படம், ஐசி நகலோடு சமூகநல இலாகாவில் கொடுக்க வேண்டும். 'ஸ்மோக்கு' என்ற இணையத் தளத்தின் வழியாகவும் செய்யலாம். பக்கவாதத்தில் விழுந்த அடுத்த வாரமே டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார். சில மாதம் சிகிச்சை பார்த்த பிறகுதான் நிரந்தர ஊனமா என்று முடிவு செய்வார்கள். அதனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதிக்குப் பாரத்தை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். நான் வெறுங்கையோடு போய் அடுத்த தேதிக்காக மூன்று மாதம் காத்திருந்தேன்.

7. சமூகநல இலாகா

சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனால் மாவட்ட சமூகநல அலுவலகம் என்றால் நமக்குக் கோலகங்சார். ஈப்போ பக்கம் என்று ஈப்போவுக்குப் போய்விடாதீர்கள். ஐசியில் இருக்கும் முகவரியும் இப்போது ஆள் இருக்கும் முகவரியும் வேறு மாவட்டமாக இருந்தால் முதலில் முகவரியை மாற்றுங்கள்.

கேட்க வேண்டிய உதவிகள் இரண்டு. ஒன்று முதியோர் உதவித் தொகை, 'பந்துவான் வர்கா எமாஸ்'. 60 வயதுக்கு மேற்பட்ட, வருமானமில்லாத அல்லது வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பெரியவர்களுக்கு. மாதம் 500 ரிங்கிட்டாக இருந்தது, 2025 தொடக்கத்திலிருந்து 600. இன்னொன்று படுக்கையில் கிடக்கும் ஊனமுற்றோரையும் நாள்பட்ட நோயாளிகளையும் முழுநேரமாகப் பார்ப்பவருக்கான தொகை. 2021இல் அது 350இலிருந்து 500 ரிங்கிட்டானது. உங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்பதை அதிகாரிதான் சொல்வார். நீங்கள் இரண்டின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். பெயர் சொல்லாமல், "ஏதாவது உதவி" என்று கேட்டால் பதிலும் "ஏதாவது" என்றுதான் வரும்.

பாரம் ஜேகேஎம் 18. அதை வாங்கி வந்து வீட்டில் நிதானமாக நிரப்புங்கள். பிறகு அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். அன்றைக்கு வீட்டைக் கழுவி, நல்ல நாற்காலி இரவல் வாங்கிப் போட்டு, அம்மாவுக்குப் புதுப் புடவை கட்டி உட்கார வைத்திருந்தார் என் பெரியம்மா. விருந்தாளி வருகிறார் அல்லவா! தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எப்போதும் இருப்பதுபோல் இருங்கள். மருந்து, பேம்பர்ஸ் ரசீதுகளை மேசைமேல் வையுங்கள்.

வருமானத்தை மறைக்கவும் வேண்டாம். எங்கள் அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்ததால் அம்மாவுக்குப் பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பென்ஷன் ஒரு சின்னத் தொகை வருகிறது. "அதைச் சொன்னா கிடைக்காது" என்று லயத்தில் நாலு பேர் சொன்னார்கள். வங்கிப் புத்தகத்தில் மாதா மாதம் விழுகிற பணத்தை யாரிடம் மறைப்பது? எழுதிக் கொடுத்தோம். பிள்ளைகள் எத்தனை பேர், எவ்வளவு கொடுக்கிறார்கள் என்றும் கேட்பார்கள். அண்ணன் தம்பிகள் ஒரே பதிலைச் சொல்லும்படி முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பொய் சொல்வதற்கு அல்ல, யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது பல குடும்பங்களில் அன்றைக்குத்தான் தெரியவருகிறது.

எங்களுக்கு முடிவு வர மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்காதீர்கள். பாரம் கொடுத்த தேதி, வாங்கியவர் பெயர், கோப்பு எண் மூன்றையும் குறித்து வைத்தால் பிறகு போனில் கேட்பது சுலபம். கிடைத்த பிறகும் நிலைமை மாறினால், பெரியவர் காலமானால், உடனே தெரிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு விழுந்த பணம் திரும்பக் கேட்கப்படும்.

பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்க, பெரியவர் தனியாக இருக்கும் வீடு என்றால், அதே அலுவலகத்தில் 'கித்மாட் பந்து டி ரூமா' பற்றிக் கேளுங்கள். தொண்டூழியர்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும் திட்டம் அது. அவசரம் என்றால் 15999, தாலியான் காசே, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

8. பெர்கேசோ, சேமநிதி, வருமான வரி

60 வயது ஆவதற்கு முன்பே உடம்பு விழுந்து வேலையை விட்டவர் என்றால் பெர்கேசோவின் இயலாமை பென்ஷனை முதலில் பாருங்கள். இப்போது 60ஐத் தாண்டிவிட்டாலும், அதற்கு முன்பே இயலாமை வந்து வேலைக்குப் போகவில்லை என்று மருத்துவச் சான்று காட்ட முடிந்தால் கேட்கலாம். கூடவே ஆள் வேண்டும் என்ற நிலைக்கு மாதம் 500 ரிங்கிட் தனிப் படியும் இருக்கிறது. பழைய தோட்டத்துச் சம்பளச் சீட்டுகளைக் குப்பை என்று எரித்துவிடாதீர்கள்.

சேமநிதியில் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே பெற்றோரின் சிகிச்சைக்கு எடுக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. மருத்துவத்துக்கு எடுப்பது செஜாத்ரா கணக்கிலிருந்து. ரசீது இல்லாமல் ஒன்றும் நடக்காது.

வருமான வரி கட்டுகிறவர் என்றால் பெற்றோரின் மருத்துவம், பராமரிப்புச் செலவுக்கு வருடத்துக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. ஆள் வைத்துப் பார்க்கும் சம்பளமும் இதில் அடங்கும். ஆனால் அந்த ஆள் நீங்களோ உங்கள் மனைவியோ உங்கள் பிள்ளையோ ஆக முடியாது. பராமரிப்பு தேவை என்று டாக்டர் கடிதம் வேண்டும் (பார்த்தீர்களா, அதே தாள்), சம்பளம் வாங்கியவரின் கையெழுத்தும் வேண்டும். ஓகேயு கார்டு வந்த பிறகு சக்கர நாற்காலி போன்ற கருவிகளுக்கு 6,000 ரிங்கிட் வரை தனிக் கழிவு. ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். கடை ரசீது ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

9. கையெழுத்து வேலைகளை நினைவு தெளிவாக இருக்கும்போதே முடித்தல்

நிலமோ, வீடோ, சேமிப்போ அம்மா அப்பா பெயரில் இருந்தால், பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் சாதாரணப் பவர் ஆஃப் அட்டர்னி, எழுதிக் கொடுத்தவருக்குச் சித்தம் தெளிவில்லாமல் போனால் செல்லாமல் போகும். அதற்குப் பிறகு கோர்ட்டுக்குப் போய்ப் பொறுப்பாளரை நியமிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்; வக்கீல் செலவு, மாதக்கணக்கு. மறதி தொடங்குகிறது என்று தெரிந்தால் வங்கி வேலை, வாரிசு நியமனம், உயில் எல்லாவற்றையும் அந்த மாதமே பாருங்கள். இது பேசக் கூச்சமான விஷயம். பெரியவர்களே பல நேரம் நம்மைவிடத் தெளிவாகப் பேசுகிறார்கள்.

10. கூட இருக்க ஆள்

ஏஜென்சி மிஸ்ஸிகள் பட்டணத்துக்குள் வருவார்கள், தோட்டத்துக்குள் வருவதற்குப் போக்குவரத்துக் காசு தனி. நாங்கள் விசாரித்ததில் மணிக்கு 25 ரிங்கிட்டுக்குக் கீழே ஒருவரும் இல்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது இரண்டு லயம் தள்ளி இருக்கும் ஓர் அக்கா. முன்பு ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்தவர். காலை எட்டிலிருந்து ஒன்று வரை, நாளுக்கு 40 ரிங்கிட். முதல் வாரம் என் மனைவி லீவு எடுத்துக்கொண்டு கூடவே இருந்து எல்லாம் காட்டினார். என்னென்ன வேலை, என்ன சம்பளம், லீவு எப்படி என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். "நமக்குள்ள என்னத்துக்குத் தம்பி பேப்பரு?" என்று சிரித்தார். தீபாவளி மாதம் அந்தப் பேப்பர்தான் இருவர் மனத்தையும் காப்பாற்றியது. வீட்டு வேலைக்கு வைக்கும் ஆளையும் பெர்கேசோவில் பதிய வேண்டும் என்பது 2021 ஜூன் 1 முதல் சட்டம். உள்ளூர் ஆளுக்கும் சேர்த்துத்தான். அம்மாவைத் தூக்கும்போது அந்த அக்காவுக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வோம் என்று நினைத்துப் பார்த்தால், மாதாமாதம் கட்டும் அந்தச் சின்னத் தொகை பெரிதில்லை.

வெளிநாட்டுப் பணிப்பெண் முறையாக வேண்டுமானால் ஏஜென்சி, மருத்துவப் பரிசோதனை, பெர்மிட் எல்லாம் சேர்த்து முன்பணமே 10,000 ரிங்கிட்டைத் தாண்டும். இந்தோனேசியரானால் 2022 ஒப்பந்தப்படி சம்பளம் குறைந்தது 1,500. சம்பாதிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்தால் முடியும். "பெர்மிட் இல்லாத ஆள் ஒருத்தி இருக்கா, 800க்கு வருவா" என்று யாராவது வந்து சொல்வார்கள், கட்டாயம் சொல்வார்கள். பெர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். வேண்டவே வேண்டாம்.

முதியோர் இல்லம்தான் வழி என்று ஆனால், சுவரில் சமூகநல இலாகாவின் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

11. பார்த்துக்கொள்பவரின் உடம்பு

எங்கள் வீட்டில் எட்டாவது மாதம் மயங்கி விழுந்தது அம்மா இல்லை, என் மனைவி. அரசாங்கத்தின் ரொக்க உதவி வாங்கும் குடும்பத்தில் 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் 'பெக்கா பி40' திட்டத்தில் இலவசப் பரிசோதனை இருக்கிறது. அட்டை எதுவும் வேண்டாம், ஐசியோடு பதிவு பெற்ற கிளினிக்குக்குப் போனால் போதும். அங்கேதான் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. இரண்டு பேர் மாத்திரையும் இப்போது ஒரே டப்பாவில் இருக்கிறது, அம்மாவுக்கு மேல் தட்டு, இவருக்குக் கீழ்த் தட்டு.

ஞாயிற்றுக்கிழமை தைப்பிங்கிலிருந்து என் தங்கை வருகிறார். காலை பத்திலிருந்து ராத்திரி பத்து வரை அவர் பொறுப்பு. முதல் இரண்டு ஞாயிறு என் மனைவி வீட்டிலேயே இருந்துகொண்டு, "அப்படிப் பிடிக்காத, இப்படிப் பிடி" என்று கூடவே நின்றார். மூன்றாவது ஞாயிறு நான் அவரை வலுக்கட்டாயமாக வேனில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். கடையில் தோசை வருவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.